பிள்ளை வாய் திறக்கும்போது நாம் என்ன செய்கிறோம்?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ஜகாத் விநியோகம் பற்றி எழுதுவேன். இம்முறை எழுதப்போவது, சபையில் பேசக் கூச்சப்பட்டு நாம் ஒதுக்கிவைக்கும் ஒரு விஷயம். என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சுமார் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. நான் பொறுப்புக்கு வந்த புதிது. எங்கள் விடுதியில் தங்கிப் படித்த பத்து வயதுப் பையன் ஒருவன், விடுமுறை நெருங்க நெருங்கச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தான். (அவன் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சமையலறையில் வேலை பார்த்த வயதான அம்மா ஒருவர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தார். "என்ன ராசா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டதோடு சரி. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே சொன்னான். வீட்டோடு தங்கியிருக்கும் உறவினர் ஒருவர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொள்கிறார், என்னை ஊருக்கு அனுப்பாதீர்கள் என்றான். அன்றிரவே அந்த அம்மா என்னிடம் வந்து சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நிர்வாகிகள் இருவரை அழைத்தேன். பையனை அலுவலகத்தில் நிற்க வைத்தோம். எப்போது நடந்தது, எத்தனை முறை, ஏன் அப்போதே சொல்லவில்லை, தொட்டாரா, மிரட்டினாரா, சத்தியமாகச் சொல்கிறாயா என்று மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டோம். மறுநாள் அந்த உறவினரையே வரவழைத்து, பையனை எதிரே நிறுத்தி விசாரித்தோம். தாயும் வந்திருந்தார். அந்த வீட்டின் வாடகை முதல் அரிசி வரை அந்த மனிதர் கையில் இருந்தது. தாய் அழுதார். பையன் தரையைப் பார்த்தபடி, "நான் பொய் சொன்னேன்" என்றான்.

எங்களுக்கு நிம்மதியாகிவிட்டது. ஒரு குடும்பத்தின் மானம் காப்பாற்றப்பட்டது என்று எண்ணினோம். பொய் சொல்வதன் பாவத்தைப் பற்றி அவனுக்கு உபதேசமும் செய்து, விடுமுறைக்கு அனுப்பி வைத்தோம். சமையலறை அம்மா மட்டும் என்னிடம் வந்து, "தம்பி, அந்தப் புள்ள பொய் சொல்லல. பொய் சொல்ற புள்ளைக்கு இப்படிச் சோறு இறங்காமப் போகாது" என்றார். நான் காதில் வாங்கவில்லை. விடுமுறை முடிந்து அவன் திரும்பி வரவில்லை. அவன் முதலில் சொன்னதுதான் உண்மை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அவன் தாயின் வாயாலேயே கேட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. அதன் பிறகு தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. நாங்கள் அன்று செய்த ஒவ்வொரு தவறையும் பற்றி உலகில் ஆய்வு நடந்திருக்கிறது. அவற்றில் பல, அந்தப் பையன் பிறக்கும் முன்பே எழுதப்பட்டுவிட்டன. ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது எங்கள் அலுவலகம் வரை வந்து சேரவில்லை. சமையலறை அம்மாவுக்குத் தெரிந்திருந்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில்தான் ஒரு பிள்ளை விழுந்தான்.

எக்ஸ்ரே அறையில் பிறந்த கேள்வி

ஆய்வு என்றால் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து எழுதுவது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறோம். இந்தத் துறையின் வரலாறு அப்படி இல்லை.

1946ஆம் ஆண்டு, அமெரிக்காவில் குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்க்கும் மருத்துவர் ஜான் காஃபி ஒரு கட்டுரை எழுதினார். மூளைக்கு மேலே இரத்தம் கட்டியிருந்த ஆறு கைக்குழந்தைகளுக்குக் கை கால் எலும்புகளில் மொத்தம் 23 முறிவுகள் இருந்தன. எப்படி முறிந்தது என்பதற்குப் பெற்றோர் சொன்ன விவரங்களில் விடை இல்லை. காஃபி தான் கண்டதை எழுதிவைத்தார். பெற்றோரே இப்படிச் செய்வார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லும் துணிவு அன்றைய மருத்துவ உலகத்துக்கு வரவில்லை.

1962இல் டென்வர் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவரோடு இருந்தவர்களும் அதைச் சொன்னார்கள். 71 மருத்துவமனைகளிடம் விவரம் கேட்டு 302 குழந்தைகளைப் பற்றிய தகவலைத் திரட்டினார்கள். அவர்களில் 33 பேர் இறந்திருந்தார்கள். 85 பேருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. 'அடிபட்ட குழந்தை நோய்க்குறி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், குழந்தை வதைக்கப்படுவதாகச் சந்தேகித்தால் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் வந்துவிட்டது.

எக்ஸ்ரே பார்த்தவர், வார்டில் நின்றவர், அவசரப் பிரிவில் குழந்தையைத் தூக்கிவந்தவர் ஆகியோர் எழுதிவைத்த குறிப்புகள்தான் ஆய்வாயின. ஆய்வு சட்டமாயிற்று. சட்டம் திரும்ப வார்டுக்கு வந்தது. குறிப்பு எழுதப்படாமல் இருந்திருந்தால் இந்தச் சங்கிலி தொடங்கியே இருக்காது.

சொன்னதைப் பிள்ளை ஏன் மறுக்கிறது?

என் மனதை அரித்துக்கொண்டிருந்த கேள்வி இதுதான். அவன் ஏன் "பொய் சொன்னேன்" என்றான்?

அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983இல் எழுதிய கட்டுரை இதற்கு வழிகாட்டியது. வீட்டுக்குள்ளேயே பாலியல் கொடுமைக்கு ஆளாகும் குழந்தைகளிடம் தானும் சக மருத்துவர்களும் கண்டவற்றை அவர் ஐந்தாக வகுத்தார். இரகசியம், இயலாமை, வேறு வழியின்றி அனுசரித்துப் போதல், காலம் கடந்து தயங்கித் தயங்கிச் சொல்லுதல், சொன்னதிலிருந்து பின்வாங்குதல். பெரியவர்களின் முகம் மாறுவதையும் தாய் அழுவதையும் பார்க்கும் பிள்ளை, சொன்னதைத் திரும்பப் பெற்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்கிறது.

இது மருத்துவரின் அனுபவத்தில் விளைந்த கருத்து. அதைச் சிலர் உண்மை கண்டறியும் கருவி போலப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அது அதற்கானதல்ல என்று 1992இல் சம்மிட்டே எழுத வேண்டியிருந்தது. பிறகு வந்த ஆய்வாளர்கள் ஒவ்வொரு பகுதியாகச் சோதித்தார்கள். காலம் கடந்து சொல்வது மிகப் பரவலானது என்பது உறுதியாயிற்று. பின்வாங்குவது எல்லாக் குழந்தைகளிடமும் நடப்பதில்லை என்றும் தெரிந்தது.

அப்படியானால் யார் பின்வாங்குகிறார்கள்? நாங்கள் அந்தப் பையனை விசாரித்த காலத்தை ஒட்டி, 2007இல், ஒரு முக்கியமான ஆய்வு வெளிவந்தது. கலிபோர்னியாவில் கொடுமை நடந்தது உறுதியான 257 குழந்தைகளின் கோப்புகளை ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தார்கள். 23 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒருவர், ஏதோ ஒரு கட்டத்தில் தாம் சொன்னதை மறுத்திருந்தார்கள். தவறு செய்தவர் தந்தை ஸ்தானத்தில் இருந்தபோதும், தாய் முதலிய நெருங்கியவர்கள் பிள்ளையின் பக்கம் நிற்காதபோதும்தான் இந்த மறுப்பு அதிகமாக இருந்தது. சிறு குழந்தைகளிடமும் அதிகமாக இருந்தது.

வாடகையும் அரிசியும் யார் கையில் இருந்தன என்று மேலே எழுதினேன். தாய் அழுதார் என்றும் எழுதினேன். அன்று எங்கள் அலுவலகத்தில் அந்தப் பிள்ளை பின்வாங்குவதற்குத் தேவையான எல்லாவற்றையும் நாங்களே ஏற்பாடு செய்து வைத்திருந்தோம்.

கேட்கும் கேள்வியில் இருக்கிறது

அப்படியானால் பிள்ளை சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிட வேண்டுமா, நிரபராதி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் ஆய்வில் பதில் இருக்கிறது.

1995இல் வெளியான ஒரு பரிசோதனை. 'சாம் ஸ்டோன்' என்ற பெயரில் ஒருவர் மழலையர் பள்ளிக்கு வந்தார், சில நிமிடம் இருந்தார், போய்விட்டார். எதையும் உடைக்கவில்லை, எதையும் அழுக்காக்கவில்லை. சில குழந்தைகளிடம் அவர் வரும் முன்பே, அவர் கைபட்டால் எதுவும் உடையும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். வந்துபோன பிறகும் பல வாரங்கள், அவர் புத்தகத்தைக் கிழித்தார் என்பதை உள்ளே வைத்தே திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டார்கள். அந்தக் குழந்தைகளில், குறிப்பாக மூன்று நான்கு வயதுக்காரர்களில், பெரும்பாலோர் நடக்காததை நடந்ததாகச் சொன்னார்கள். எதையும் ஊட்டாமல் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்கப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள்.

இதிலிருந்து குழந்தைகள் பொய்யர்கள் என்ற முடிவுக்கு வருபவர் பாடத்தைத் தலைகீழாகப் படிக்கிறார். குழந்தை தானாகச் சொல்லும்போது அது நல்ல சாட்சி. பெரியவர்கள் வாயில் வார்த்தையைத் திணித்தால்தான் கெட்டுப்போகிறது. "அவர் உன்னை இங்கே தொட்டாரா?" என்பது திணிக்கும் கேள்வி. "என்ன நடந்தது என்று சொல்" என்பது திறந்த கேள்வி. திறந்த கேள்வி உண்மையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளையையும் காக்கும்; குற்றமற்ற மனிதரையும் காக்கும். எங்களைப் போல மூன்று பேர் மாறி மாறிக் கேட்டால் இருவருக்குமே அநியாயம்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது அந்நியமான பாடம் அல்ல. கேட்ட சொல்லைக் கேட்டபடி அறிவிக்க வேண்டும், அறிவிப்பவர் தன் சொல்லை அதில் கலக்கக் கூடாது என்பது ஹதீஸ் கலையின் பாலபாடம். அப்படிக் கலந்த அறிவிப்புக்கு 'முத்ரஜ்' என்று தனிப்பெயரே உண்டு. கிதாபில் இவ்வளவு கவனமாக இருக்கப் படித்த நாங்கள், ஒரு பிள்ளையின் சொல்லில் எங்கள் சொல்லை அள்ளிக் கொட்டினோம்.

ஒருநாள் பயிற்சி போதாது

எல்லோருக்கும் ஒரு பயிற்சி வகுப்பு வைத்துவிட்டால் முடிந்தது என்று நாமும் நினைக்கலாம். இங்கேதான் ஆய்வு நம்மை எச்சரிக்கிறது.

மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், குழந்தைகளிடம் வாக்குமூலம் வாங்கும் அலுவலர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் திறந்த கேள்விதான் நல்லது என்பதை ஒப்புக்கொண்டார்கள். தாங்கள் அப்படித்தான் கேட்கிறோம் என்றும் நம்பினார்கள். பதிவுகளைக் கேட்டுப் பார்த்தால் பழைய பழக்கம் மாறவே இல்லை. ஆகவே முதல் வாக்கியம் முதல் கடைசி வாக்கியம் வரை எப்படிப் பேசுவது என்று ஒரு வழிமுறையை எழுதிக் கொடுத்தார்கள். அதோடு ஒவ்வொருவரும் நடத்திய உரையாடலைப் பிறகு உட்கார்ந்து கேட்டுத் திருத்தினார்கள். அப்போதுதான் மாற்றம் வந்தது. அந்தத் தொடர் கவனிப்பை நிறுத்தியதும் தரம் மறுபடி சரிந்தது.

குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ், ஓதிக்கொண்டே இருக்காவிட்டால் மறந்துபோகும் என்பது நமக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். தெரிந்துகொள்வது வேறு, அந்த நேரத்தில் வாயில் வருவது வேறு.

நம் கண்ணில் படாதவர்கள்

ஆய்வினால் இன்னொரு பயனும் உண்டு. நம் அனுபவம் காட்டாத இடத்தை அது காட்டும்.

குழந்தைகள் பாதுகாப்பு என்றதும் நம் மனம் பெண் பிள்ளைகளிடம்தான் போகிறது. ஆண் பிள்ளைகள் விடுதியில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நாம் பார்ப்பதில்லை. சென்னையில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைக்கு எதிராகவே வேலை செய்யும் 'துளிர்' அமைப்பு, பள்ளி செல்லும் 2,211 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டது. 42 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பெண் பிள்ளைகளில் 39 சதவீதம். ஆண் பிள்ளைகளில் 48 சதவீதம். களத்தில் நிற்பவர்களே ஆய்வும் செய்ததற்கு இது நம் மாநிலத்து உதாரணம்.

மறு ஆண்டு, 2007இல், மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆண் பிள்ளைகள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பிள்ளையின் நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதே ஆய்வில், மூன்றில் இரண்டு பிள்ளைகள் உடல் ரீதியான வதைக்கு ஆளாகியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளில் 65 சதவீதம் பேர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள்.

கடைசி இரண்டு விவரங்களையும் சேர்த்துப் பாருங்கள். பிரம்பு வைத்திருக்கும் உஸ்தாதிடம் எந்தப் பிள்ளை தன் வேதனையைச் சொல்லும்?

மருத்துவப் பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டுகிறோம். பாலியல் கொடுமை நடந்திருக்கலாம் என்று பரிசோதனைக்கு வந்த 2,384 குழந்தைகளைப் பற்றி 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 96 சதவீதம் பேருக்குப் பரிசோதனை முடிவு இயல்பாகவே இருந்தது. காயம் இல்லை என்பது கொடுமை நடக்கவில்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

சட்டம் நம்மிடம் எதிர்பார்ப்பது

2012இல் வந்த போக்சோ சட்டம் இந்த ஆய்வுகள் சொல்வதோடு பல இடங்களில் ஒத்துப்போகிறது. 18 வயது நிறையாத ஆண், பெண் எல்லோரும் அதன் பாதுகாப்பில் வருகிறார்கள். பிள்ளை விரும்பும் இடத்திலேயே வாக்குமூலம் பதிய வேண்டும். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவல் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிய வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் வேறொருவரோ உடன் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளை நேருக்கு நேர் பார்க்க நேரக்கூடாது. பிள்ளையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது. நாங்கள் அன்று உறவினரை எதிரே நிறுத்தி விசாரித்தோமே, அதை இன்று காவல்துறையே செய்யக் கூடாது.

பொறுப்பில் இருக்கும் நாம் மறக்கக் கூடாதது 19ஆவது பிரிவு. இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கு அல்லது உள்ளூர் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது எல்லோருக்கும் கடமை. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தகவல் தவறாகிப் போனாலும் அதற்காகப் பிள்ளையைத் தண்டிக்க முடியாது.

ஜமாஅத்தில் வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல இங்கே இடமில்லை. நாம் பேசித் தீர்ப்பது யாருடைய கஷ்டத்தை என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் எடுத்திருக்கும் முடிவுகள்

சென்ற மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் விடுதிக்கும் மக்தபுகளுக்கும் கீழ்க்கண்டவை முடிவாயின.

1. பிள்ளை யாரிடம் முதலில் சொல்கிறதோ அவர் கேட்பவர் மட்டுமே, விசாரிப்பவர் அல்ல. அமைதியாகக் கேட்க வேண்டும். "நீ சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை. உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் நான் சொல்லப்போகிறேன்" என்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. காப்பாற்ற முடியாத வாக்கு அது.

2. சத்தியம் வாங்குவது, திரும்பச் சொல்ல வைப்பது, குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்துக் கேட்பது மூன்றும் அறவே கூடாது.

3. அன்றே எழுத வேண்டும். தேதி, நேரம், இடம், பிள்ளை பேசிய அதே வார்த்தைகள், நாம் கேட்ட கேள்வி, பிறகு யாருக்குத் தெரிவித்தோம் என்பன. நம் கருத்தை எழுத விரும்பினால் தனியாக, நம் கருத்து என்று குறித்து எழுத வேண்டும். இந்தப் பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்கும். பிள்ளையின் பெயர் எந்தக் கூட்டத்திலும் பேசப்படாது.

4. நிர்வாகிகளின் சம்மதத்துக்குக் காத்திராமல், கேட்டவரே காவல்துறைக்குத் தெரிவிக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்க வேண்டும். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். வழக்கு முடியும்வரை பிள்ளைக்குத் துணை நபர் ஒருவரை நியமிக்க 2020ஆம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது. அதை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

5. சமையலறை, காவல், வாகனம் என எல்லா ஊழியருக்கும் பயிற்சி உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் கேட்பவராகவும் பேசிப் பழக வேண்டும். மற்றவர்கள் கேட்டுத் திருத்த வேண்டும்.

6. மக்தபுகளிலும் விடுதியிலும் பிரம்பு இன்றோடு நின்றது.

7. ஆண்டுக்கு ஒருமுறை, பெயர்களை நீக்கிவிட்டுப் பதிவேட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் யாரிடம் அதிகம் சொல்கிறார்கள், எந்த நாட்களில் சொல்கிறார்கள், தெரிவித்த பிறகு என்ன ஆயிற்று என்று கவனித்து, அதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஏழாவது முடிவைக் கூட்டத்தில் சிலர் அவசியமில்லை என்றார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. விடுமுறை நெருங்கும்போது சாப்பிடாத பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தால், அந்தப் பையனுக்கு முன்பே யாரையாவது கவனித்திருப்போமோ என்னவோ. காஃபி ஆறு குழந்தைகளைத்தான் எழுதினார்.

ஒரு நல்ல செய்தியோடு முடிக்கிறேன். கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் மீண்டு வருவதைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று உண்டு. சொன்னபோது நம்பி, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் இருந்தால் பிள்ளை தேறுவதற்கு அது பெரிய துணை. அதற்குப் பணமோ கட்டடமோ வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு திருமண வீட்டில் அந்தப் பையனைப் பார்த்தேன். இப்போது இளைஞன். நானே போய் ஸலாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அந்தச் சமையல் அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான். அவர் மவுத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்றேன். அவருக்காக துஆ செய்தான். பிறகு பந்திக்குப் போய்விட்டான்.

அத்தனை பேர் இருந்த விடுதியில் அவன் நினைவில் வைத்திருந்தது அவரை மட்டும்தான். நம் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு பிள்ளை வந்து உட்காரும். அன்று அந்த அம்மாவைப் போல இருக்க அல்லாஹ் நமக்கு உதவி செய்வானாக.

வஸ்ஸலாம்.
செயலாளர்